கனமில்லாத பையைச் சுமந்த கதை

நடைபயணத்துக்கென்று நான் வைத்திருக்கும் முதுகுப்பையின் எடை சுமார் 400 கிராம், கொள்ளளவு 20 லிட்டர். மெல்லிய நைலான் துணி, இரண்டு தோள்வார்கள், ஒரு ஜிப், மார்புக்கும் இடுப்புக்கும் குறுக்கே ஒவ்வொரு நாடா என்பதற்கு மேல் அதில் அதிகம் எதுவுமில்லை. இதே கொள்ளளவில் சட்டமும் மெத்தையும் வைத்துத் தைத்த பைகள் பல, வெறுமையாகவே ஒரு கிலோவை எட்டிவிடும் என்பதால், ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவருக்கு இந்த வேறுபாடு சின்னதல்ல.

தொல்லை, அதைத் தூக்கிப் பார்க்கும் நண்பர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. அண்மையில் ஒரு மலைப்பாதையின் தொடக்கத்தில் என் பையை இரண்டே விரல்களால் தூக்கிய நண்பர், "அடடா, கனமே இல்லையே!" என்று வியந்தார், வியந்த கையோடு தம்முடைய தண்ணீர்ப் புட்டிகள் இரண்டையும் அதற்குள் இறக்கிவிட்டார். லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கை, பை மெலிந்தது என்பதற்காகத் தண்ணீர் தளர்த்திக்கொள்வதில்லை. இன்னொருவர் தொலைநோக்கியைக் கொடுத்தார். மூன்றாமவர், மழை வந்தால் எல்லாருக்கும் உதவும் என்ற பொதுநல நோக்கோடு ஒரு குடையைச் செருகினார்.

சட்டமில்லாத பைக்குச் சொந்த உருவம் கிடையாது. பொருள்களைத் திணிக்கத் திணிக்க அது பீப்பாய் போல உருண்டுவிட, தொலைநோக்கியின் விளிம்பு என் முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது. இடுப்பு நாடா இருக்கிறதே என்று கேட்கலாம். அது பை ஆடாமல் பிடித்துக்கொள்ளுமே தவிர, சுமையை இடுப்புக்கு இறக்கும் பொறுப்பை ஏற்காது. நான்கைந்து கிலோ வரை தோளில் இருப்பதே தெரியாத இந்தப் பை, அதைத் தாண்டியதும் தன் இருப்பை ஓயாமல் அறிவிக்கிறது. மழைச்சட்டையை மடித்து முதுகுப் பக்கமாக வைத்த பிறகே சற்று ஆறுதல் கிடைத்தது. வியர்வைக்குத்தான் மாற்று இல்லை: காற்றுப் போக இடைவெளி விடும் வலைமுதுகு இதில் கிடையாது.

துணியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ரிப்ஸ்டாப் வகை என்பதால், கட்டம் கட்டமாக ஓடும் தடித்த இழைகள் முள் கீறிய கிழிசலை அங்கேயே நிறுத்திவிட்டன. பக்கவாட்டு வலைப்பைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பிறகு மழையும் வந்தது. பூச்சுள்ள துணி நீரைத் தடுத்தாலும், ஊசி போன வழியே நீரும் போனது. பொருள்களை முன்பே பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்ததால் அவை தப்பின, நாங்கள் தப்பவில்லை. ஏனெனில் குடை அடியில் இருந்தது. உள்ளறைகள் இல்லாத பையில், தேவைப்படும் பொருள் வேறெங்கும் இருப்பதில்லை.

அடுத்த பயணத்துக்கு, புட்டிகளின் சொந்தக்காரர் அதே வகைப் பையொன்றை வாங்கி வந்தபோது, என் தோளுக்கு விடுதலை என்றே எண்ணினேன். பையைச் சுருட்டி அதன் உட்பைக்குள்ளேயே அடக்கிவிடலாம் என்பது இவ்வகையின் இன்னொரு சிறப்பு. அவரும் அழகாகச் சுருட்டி, உள்ளங்கை அளவாக்கி, "இது கனக்கவே கனக்காது" என்று உறுதி கூறி, அதை என் பைக்குள் வைத்தார்.