வீட்டுக்காரரின் கையெழுத்து

திருகோணமலையிலிருந்து ஆய்வுக்காக ஜேர்மனி போகும் இளம் விரிவுரையாளர்கள், நான் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். கேட்பதெல்லாம் விசாவைப் பற்றித்தான். எனக்கோ விசா பெரிய கவலையாகத் தெரிவதில்லை. அழைக்கிற நிறுவனத்தின் ஒப்பந்தம் ஒழுங்காக இருந்தால், கொழும்பில் தூதரகத்தில் கொடுத்துவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டியதுதான்.

அங்கே போய் இறங்கிய பிறகுதான் தலையிடி ஆரம்பம். வீடு புகுந்து 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இவர் இங்கே குடிவந்தார் என்று வீட்டுக்காரர் எழுதித் தர வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இதுதான் சட்டம்.

போன தம்பி ஒருவருக்கு மலிவாக ஓர் அறை கிடைத்தது. "பதிவெல்லாம் வேண்டாம், சும்மா இருங்கள்" என்றாராம் வீட்டுக்காரர். தம்பிக்கு அது நிம்மதியாகவே இருந்திருக்கிறது. யுத்த காலத்தில் வீட்டுக்கு ஆள் வந்தாலே பொலிஸில் பதிய ஓடிய ஊர்க்காரர் நாங்கள். பெயர் எங்கும் ஏறாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் இலேசில் போகாது. ஆனால் அங்கே பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. வரி எண் கொடுக்காதவரின் சம்பளத்தில் ஆறாம் வரி வகுப்பு என்று ஆகக் கூடிய வரியை வெட்டுவார்கள். விசா முடியுமுன் வதிவிட அனுமதி எடுக்கப் போனால், வெளிநாட்டவர் அலுவலகமும் அந்தப் பதிவுத் தாளைத்தான் கேட்கும். ஐம்பது, நூறு யூரோ கூடப் போனாலும் பரவாயில்லை, எழுதித் தருகிற வீட்டையே எடுங்கள் என்பேன்.

சரி, பதிந்தாயிற்று. வரி எண் தபாலில் வரும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். "இன்னாருடைய மகன்" என்று விசாரித்துக் கொண்டுவந்து கொடுக்க அது எங்கள் ஊர் உவர்மலைத் தபால்காரர் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். ஆகவே பெட்டியில் இரண்டையும் ஒட்டச் சொல்வேன்.

நாடு திரும்பும்போது பதிவை நீக்கவும் வேண்டும். வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அதைச் செய்யலாம். பதிவை நீக்கியதற்கான தாள் கையில் இருந்தால்தான் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ என்று அறவிடும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணத்தையும் சிக்கலில்லாமல் நிறுத்தலாம். பயணப்பெட்டி கட்டும் அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான்.