ஷமரேல் திட்டுமான்: 2024 வேட்டைப் பருவக் குறிப்புகள்

ஜூன் 2, ஞாயிறு

நேற்று பருவம் திறந்தது. செப்டம்பர் கடைசி வரை உண்டு. மொரீஷியஸ் தீவின் ஷமரேலுக்கு மேலே எங்கள் கூட்டாளிகள் அரசிடம் குத்தகைக்கு எடுத்திருக்கும் காட்டில் இன்று முதல் கலைப்பு, அதாவது ஆளும் நாயுமாக மானை விரட்டி வெளியே கொண்டுவரும் வேட்டை. காலையில் மேகம் தரையோடு இறங்கிவிட்டது. மிராதோர் பரணில் உட்கார்ந்தால் எதிரே இருக்கிற காட்டுக் கொய்யாப் புதர்கூடத் தெரியவில்லை. பத்து மணிக்கு மேல்தான் நாய்களை அவிழ்த்தார்கள். இரண்டு பெண் மான் விழுந்தன. என் பக்கம் எதுவும் வரவில்லை.

ஆனால் இன்றைய பேச்சே வேறு. காடு கலைக்கிறவர்களில் மூத்தவர், விசிறிவாழைப் பள்ளத்தில் வெள்ளையும் பழுப்புமாக ஒரு கொம்பு மானைப் பார்த்ததாகச் சொன்னார். எவனோ அவிழ்த்துவிட்ட ஆடாக இருக்கும் என்று பாதிப் பேர் ஒதுக்கிவிட்டார்கள். மாமா மட்டும் நம்பினார். "மாப்பிள்ளை, அவன் இல்லாததச் சொல்ற ஆள் கெடையாது. நாம ரெண்டு பேரும் போய்ப் பாப்போம்" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

பார்த்துவிட்டோம்!

தென்கிழக்குக் காற்று முகத்துக்கு நேரே வரும்படி மேற்குச் சரிவிலிருந்து ஏறினோம். துப்பாக்கி எடுத்துப் போகவில்லை, பைனாகுலர் மட்டும்தான். ஐந்து மணி வாக்கில் பள்ளத்தின் ஓரம் நான்கு பெண் மான் மேய வந்தன. அவற்றுக்குப் பின்னால் அது.

கழுத்தும் முன்னங்கால்களும் இந்தத் தீவு மானுக்கே உரிய சாம்பல் பழுப்பு. தோள் தாண்டியதும் வெள்ளை. இடது விலாவில், அந்த வெள்ளைக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. பின்னங்கால் இரண்டும் முழங்காலுக்குக் கீழே சுத்த வெள்ளை, அந்தக் குளம்புகள்கூட வெளிறியிருந்தன. கண்ணும் மூக்கும் கறுப்பு. ஆகவே அல்பினோ, அதாவது உடம்பில் நிறமே இல்லாத பிறவி, இல்லை. அல்பினோவாக இருந்தால் கண் சிவந்து தெரியும். கொம்பு கிளைவிடாத ஒற்றை முள்தான். நன்றாக வளர்ந்த ஆணுக்குப் பக்கத்துக்கு மூன்று முனை இருக்க வேண்டும்.

ஊரில் இருப்பவர்கள் புள்ளிமானை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது மிளாவுக்குச் சொந்தக்கார இனமான ஜாவா மான். இதன் குட்டிக்குக்கூடப் புள்ளி கிடையாது. அப்படிப்பட்ட மந்தையில் வெள்ளைத் திட்டோடு ஒன்று நின்றால் அரை மைல் தூரத்திலேயே கண்ணை இழுக்கிறது. மாமா வாய் திறக்காமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கும்போது, "இத்தன வருஷத்துல இதான் மொத தடவ" என்றார்.

ஜூன் 12, புதன்

ரோஸ் ஹில் வீட்டுக்குத் திரும்பியும் அதே நினைப்புதான். கருவில் நிறம் தரும் செல்கள் முதுகுத் தண்டுப் பக்கத்தில் உண்டாகி, அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. அவை போய்ச் சேராத இடம் வெள்ளையாகவே நின்றுவிடுகிறது. அப்பா, அம்மா இருவரிடமும் அந்தக் குணம் மறைவாக இருந்தால்தான் பெரும்பாலும் குட்டியில் வெளிப்படும். பார்வைக்கு இரண்டும் சாதாரண மானாகவே இருக்கும்.

இந்தத் தீவுக்கு மான் வந்தது 1639-ல். டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். கொஞ்சம் மானிலிருந்து பெருகிய கூட்டம், சுற்றிலும் கடல். நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகினால் மறைந்து கிடக்கிற குணம் வெளியே வர வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு. ஜாவாவில் சிறுத்தையும் செந்நாயும் இருக்கின்றன. அங்கே வெள்ளைக் குட்டி வளர்ந்து கொம்பு முளைக்கிறவரை பிழைப்பது கஷ்டம். இங்கே மனிதனையும் நாயையும் விட்டால் மானைத் துரத்த ஆளில்லை.

நாட்டுச் சின்னத்தில் அழிந்துபோன டோடோ பறவைக்கு எதிரே நிற்பதும் இந்த மான்தான், அரை ரூபாய் நாணயத்தில் இருப்பதும் இதுதான். அதே மான்தான் இந்தத் தீவுக்கே உரிய மரங்களின் கன்றைத் தின்று காட்டை வளரவிடாமல் செய்கிறது. பிளாக் ரிவர் தேசியப் பூங்காவுக்குள் அரிய செடிகளைக் காப்பாற்ற வேலி போட்டிருப்பது எதற்கு? மானும் பன்றியும் நுழையாமல் இருக்கத்தான். வேட்டை வேண்டாம் என்று ஊரிலிருந்து எழுதும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இங்கே இயற்கையான எதிரி இல்லாததால் யாராவது எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

கூட்டாளிகள் கூட்டம். ஒரே விஷயம், திட்டுமான். செய்தி வெளியே போய்விட்டது. வெளிநாட்டு வேட்டைக்காரர் ஒருவர் தலையும் தோலும் வேண்டும் என்று தரகர் மூலம் விலை சொல்லி அனுப்பியிருக்கிறார். சின்னத் தொகை இல்லை.

பணத்தை வாங்கிப் பாதை போடலாம் என்றார் ஒருவர். அது அதிர்ஷ்டம், யாரும் தொடக் கூடாது என்றார் இன்னொருவர். அமெரிக்காவில் விஸ்கான்சினில் வெள்ளை மானைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பதையும் எடுத்துக்காட்டினார். அது உண்மைதான்.

மாமா கடைசியில் பேசினார். "நெறத்துக்காகச் சுடவும் வேணாம், நெறத்துக்காக விடவும் வேணாம். மத்த மானுக்கு என்ன பாக்கறோமோ அதையே பாருங்க. வயசு, ஒடம்பு, நட." நானும் அதையே சொன்னேன். வெள்ளை முதுகு பச்சைப் புதரில் தானே காட்டிக்கொடுக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில் என்ன திறமை இருக்கிறது? தரகருக்கு இல்லை என்று பதில் போயிற்று. இரண்டு பேருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

இணை சேரும் காலம். காலையிலிருந்து காடு முழுக்க ஆண்களின் கர்ஜனை. இந்த இனத்துக்கு ஒரு பழக்கம்: தரையில் கொம்பைக் குத்திப் புல்லும் கொடியுமாக அள்ளித் தலைமேல் சுமந்துகொண்டு திரியும். இன்று மூன்றுமுனைக் கொம்பன் ஒன்று எனக்கு அறுபது மீட்டரில் வந்து நின்றது. கொம்பிலிருந்து ஒரு பிடி புல் கண்ணை மறைத்துத் தொங்கியது. வாயோரம் நுரை, கழுத்து முடி சேற்றில் ஊறிக் கறுத்திருந்தது. பெண் மான்களைச் சுற்றி வளைத்து முன்னும் பின்னும் நடந்தது. சுடவில்லை. நல்ல வயதில் இருக்கிறது, இன்னும் இரண்டு வருஷம் இனம் பெருக்கட்டும்.

திட்டுமான் அந்தப் பக்கமே வர முடியாமல் வெளியே வெளியே நின்றது. ஒருமுறை நெருங்கியதும் கொம்பன் தலையைத் தாழ்த்தியது. அவ்வளவுதான், ஓடிவிட்டது. ஓடும்போது பின்கால் உள்பக்கம் வளைவதைக் கவனித்தேன். மாமாவிடம் சொன்னேன். அவரும் அதைப் பார்த்திருக்கிறார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மழை இல்லாமல் மேற்குப் பக்கம் புல் காய்ந்துவிட்டது. மற்ற மான்கள் சமாளிக்கின்றன, அது இளைத்துவிட்டது. விலா எண்ணலாம், இடுப்பெலும்பு புடைத்துத் தெரிகிறது. இன்று மேய்வதைக் கிட்டத்தில் பார்த்தேன். புல்லைச் சரியாகக் கடித்து இழுக்க முடியவில்லை, பாதி கீழே விழுகிறது.

வடஅமெரிக்காவின் வெள்ளைவால் மான்களில் இப்படித் திட்டு உள்ளவற்றுக்குக் கீழ்த்தாடை குட்டையாகவும், காலோ முதுகோ வளைந்தும் இருப்பதுண்டு என்று படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. இதற்கு இருக்கிறது என்றே படுகிறது.

இரவு மாமா போன் செய்தார். "முடிச்சிரலாம் மாப்பிள்ளை. நாய் வேணாம், கூட்டம் வேணாம். நீயே பண்ணு."

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை ஏழேகால். பள்ளத்துக்கு மேலே பாறையில் படுத்திருந்தேன், மாமா பக்கத்தில். தொண்ணூறு மீட்டர் இருக்கும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்து, முன்னங்காலுக்குப் பின்னால், பழுப்பும் வெள்ளையும் சந்திக்கிற கோட்டில் வைத்தேன். ஒரே குண்டு. நாலைந்து எட்டு ஓடி விழுந்தது. கையை வைத்துப் பார்த்தேன். வெள்ளை முடியும் பழுப்பு முடியும் ஒரே முரடுதான், வித்தியாசமே இல்லை.

வாயைத் திறந்து பார்த்தோம். கீழ்த்தாடை மேலேயுள்ளதைவிட ஒரு விரல் அளவு குட்டை. முன்பல் மேல்வாய்த் தட்டில் பட வேண்டிய இடத்தில் படாமல் பின்னால் தள்ளி நிற்கிறது. பால் பல் ஒன்றுகூட மிச்சமில்லை. அதாவது முழுசாக வளர்ந்த மான், கொம்பு மட்டும் குட்டி ஆணுடையது. தின்ன முடியாத உடம்பு எதைக் கொண்டு கொம்பு வளர்க்கும்? மாமா அந்தத் தாடையைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். இத்தனை காலம் அது பிழைத்திருந்ததே பெரிது என்றார்.

தோலும் தலையும் யாருக்கும் கொடுக்கவில்லை. தாடை எலும்பை மட்டும் சுத்தம் செய்து, கூட்டாளிகளுக்குக் காட்ட எடுத்துவைத்தேன். கறியைப் பங்கு போட்டோம். வரும் 17-ம் தேதி புரட்டாசி பிறக்கிறது. அப்புறம் ஒரு மாதம் எங்கள் வீட்டில் மாமிசம் ஏறாது. அத்தை இன்றே ரோஷ் காரி என்கிற அம்மியில் மசாலா அரைத்துவிட்டார். மான் கறியில் கொழுப்பு இல்லை, அடுப்பைத் தணித்து நின்று வேக வைக்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்றைய கலைப்பில் நான் சுடவில்லை, புரட்டாசி. ஆனால் பரணிலிருந்து பார்த்தேன்: பின்கால் இரண்டிலும் குளம்புக்கு மேலே வெள்ளை வளையம் போட்ட ஒரு பெண் மான். எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மதியமே பேச்சு கிளம்பியது: அதைப் பிடித்துத் தனி வேலிக்குள் விட்டுத் திட்டுமான் இனம் பெருக்கினால் என்ன?

இதைச் செய்ய முடியும். நியூயார்க் மாநிலத்தில் செனகா ராணுவக் கிடங்குக்கு 1941-ல் வேலி போட்டபோது உள்ளே மாட்டிய மான்களில் வெள்ளைக் குணம் இருந்தது. வெள்ளையைச் சுடாமல் விட்டதில் அது பெரிய கூட்டமாகவே ஆயிற்று. தென்னாப்பிரிக்காவில் கறுப்பு இம்பாலா, பொன்னிற வில்டபீஸ்ட் என்று மான் போன்ற விலங்குகளை நிறத்துக்காகவே வேலிக்குள் வளர்த்தார்கள். ஏலத்தில் எக்கச்சக்க விலை போயிற்று, பிறகு சில வருஷத்திலேயே சரிந்தது. கடனை வாங்கிப் போட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விலங்குகளுக்கு மிஞ்சியது சொந்தத்துக்குள்ளேயே நடந்த இனப்பெருக்கம்தான்.

கூட்டாளிகளுக்கு இன்று இரவே கடிதம் எழுதிவிட்டேன், மாமாவும் கையெழுத்துப் போட்டார். தனி வேலி வேண்டாம், தரகர் வேண்டாம், அந்தப் பெண் மானை மற்றவற்றோடு சேர்த்தே கணக்கில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். 29-ம் தேதி கடைசிக் கலைப்புக்குப் பிறகு கூட்டம். அந்தத் தாடை எலும்பையும் கொண்டுபோகிறேன், மேஜைமேல் வைக்க.