திருக்கடையூரில் ஒரு மணிவிழா விருந்து

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாளை ஆங்கிலத் தேதி கொண்டு கணக்கிடுவதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் கூடும் நாளே பிறந்தநாள். அன்று காலையில் கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வதும், வீடு திரும்பிப் பெரியவர்களை வணங்குவதும், மதியம் பால் பாயசத்தோடு இலை போட்டு அனைவரும் ஒன்றாகச் சாப்பிடுவதும் பாட்டி காலத்திலிருந்து தொடரும் வழக்கம். 1965-இல், விசுவாவசு வருடம் ஆவணி மாதம் பிறந்த அப்பாவுக்கு, 2025-இல் அதே விசுவாவசு திரும்பி வந்தபோது, அவ்வாண்டு இலையைத் திருக்கடையூரில் போடுவதென்று முடிவாயிற்று.

வியாழன் ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளும் எடுத்துக்கொள்வதால், 60 ஆண்டுகள் நிறையும்போது இரண்டும் ஒருவர் பிறந்த வேளையில் நின்ற இடத்துக்கு அருகே மீண்டும் வந்து சேர்கின்றன. சஷ்டியப்தபூர்த்தி எனப்படும் மணிவிழாவை மறுபிறப்பைப் போலக் கொண்டாடுவதற்கு இக்கணக்கும் ஒரு காரணம்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலையில் உள்ள இத்தலம், சிவபெருமான் வீரச்செயல் புரிந்த எட்டுத் தலங்களான அட்ட வீரட்டானங்களுள் ஒன்று. அமுத கலசமே இலிங்கமானதால் இறைவன் அமிர்தகடேசுவரர். மேற்கு நோக்கி வீற்றிருக்கிறார். பதினாறாம் வயதில் உயிர் பறிக்க வந்த யமனிடமிருந்து மார்க்கண்டேயரைக் காத்த காலசம்ஹாரமூர்த்திக்குத் தனிச் சன்னதி உண்டு. ஆண்டு நிறைவதை அச்சத்தோடு எதிர்நோக்கியிருந்த ஒரு பிள்ளையின் கதை நடந்த ஊருக்கு ஆயுள் வேண்டி இத்தனை குடும்பங்கள் வருவதில் வியப்பில்லை. ஆனால் ஒரே பிராகாரத்தில் அடுத்தடுத்துப் பல தம்பதியர் அமர்ந்திருக்க, படம் எடுப்பவர்களின் கட்டளைகள் மந்திரத்தையும் மிஞ்சி ஒலித்ததுதான் எனக்குச் சற்று உறுத்தலாக இருந்தது.

ஹோமம் முடிந்ததும் கலச நீரைப் பெற்றோரின் தலையில் ஊற்றும் முறை எங்களுக்கு வந்தது. தலைக்குமேல் பிடித்த சல்லடையின் வழியே நீர் இழையிழையாக இறங்க, மாவிலைத் துணுக்கு ஒன்று அப்பாவின் புருவத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா அதை எடுத்துவிட்டார். சிறுவயதில் எங்களைக் குளிப்பாட்டியவர்களை நாங்கள் நீராட்டும் அந்தச் சில நிமிடங்களில், உறவினர் கூட்டத்தின் பேச்சு எதுவும் என் காதில் விழவில்லை. பிறகு மாலை மாற்றி, திருமாங்கல்யதாரணம் முடித்து, அபிராமி அம்மை சன்னதியில் அந்தாதியின் சில பாடல்களைப் பாடினோம்.

குங்கிலியக்கலய நாயனார் வாழ்ந்ததும் இவ்வூரிலேதான். வீட்டில் உணவில்லாத நிலையில் நெல் வாங்கிவர மனைவி கழற்றித் தந்த தாலிக்கு இறைவனின் தூபத்துக்கான குங்கிலியத்தை வாங்கிவிட்டுக் கோயிலிலேயே தங்கிவிட்ட அவரிடம், ‘நீ மிகவும் பசித்திருக்கிறாய், வீட்டுக்குப் போய்ப் பாலோடு இனிய சோறு உண்டு துன்பம் நீங்குக’ என்னும் பொருளில் இறைவன் கூறியதாகப் பெரியபுராணம் பாடுகிறது. எங்கள் பாட்டி பிறந்தநாள் பாயசத்துக்கு இக்கதையைத்தான் காரணமாகச் சொல்வார்.

அதனால் விருந்தில் மற்றவற்றைச் சமையற்காரரிடம் விட்டாலும், பாயசத்தின் பக்குவத்தை மட்டும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. பச்சரிசியை நெய்யில் இலேசாக வறுத்து, பாலிலேயே குழைய வேகவிட்டு, பால் குறுகி நிறம் மாறிய பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும் என்று அடுப்பருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பிடித்த வெண்பூசணி மோர்க்குழம்பும், வாழைக்காய்ப் பொரியலும், பருப்பு வடையும் இலையில் இருந்தன. மோர்க்குழம்பை அவர் மூன்றாம் முறை கேட்டபோது, மணிவிழா நாளாயிற்றே என்று அம்மாவும் தடுக்கவில்லை.

எழுபதாம் வயதில் பீமரத சாந்திக்கு மீண்டும் வரவேண்டுமென எண்ணியிருக்கிறோம். ஐப்பசியில் வரும் என் மகனின் நட்சத்திரத்துக்கு அவன் கேட்டிருப்பது பருப்பு வடை மட்டுமே. பாயசம் அவனுக்குப் பிடிக்காது என்றாலும், அது இல்லாமல் அம்மா இலை போட விடமாட்டார்.