7.50 பஸ்

மே 12, திங்கள்
டி.சி. வாங்கியாச்சு. "எமிஸ் நம்பரை மட்டும் தொலைச்சிடாதீங்கம்மா" என்றார் டீச்சர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் கொடுக்கிற அடையாள நம்பர் அது. ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர் இருந்த பள்ளி. இனி பாடத்துக்கு ஒருவராம். "அத்தனை பேருக்கும் என் பேரு ஞாபகம் இருக்குமா?" என்று கேட்கிறாள் பாப்பா.

மே 14
காலைச் சாப்பாடு ஐந்தாவது வரைக்கும்தான். ஆறாவதுக்குக் கிடையாது. மத்தியானச் சத்துணவு உண்டு, முட்டையும் உண்டு, அது சரி. காலையில்? மில் வேன் ஆறு மணிக்கு வந்துவிடும். இரண்டு வருடமாக, புதன்கிழமை என்றால் பொங்கல், நான் கவலைப்படவே இல்லை.

மே 15
அந்த விஷயத்தையும் அவளிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

மே 18, ஞாயிறு
பஸ் ஒத்திகை பார்த்தோம். பிங்க் பஸ், இரண்டு பேருக்கும் காசில்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். மேல் கம்பி அவளுக்கு எட்டவில்லை. இருக்கை முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஒவ்வொரு வளைவிலும் என் மேல் சாய்ந்தாள். நான் இல்லாத நாளில் யார் மேல் சாய்வாள்? பள்ளி கேட் பூட்டியிருந்தது. உள்ளே பெரிய வேப்பமரம். "ரொம்பப் பெருசும்மா" என்றாள், மரத்தையா பள்ளியையா தெரியவில்லை.

மே 20
இன்றைக்கும் சொல்லவில்லை.

மே 23
அண்ணன் வந்திருந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியென்றால் காலேஜில் மாதம் 1000 ரூபாய், டாக்டர் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு என்று ஒரே கணக்கு. எல்லாம் நல்லதுதான். காலேஜுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது அண்ணே, எனக்குக் காலை எட்டு மணிதான் பிரச்சினை.

மே 27
பூட்டை நாலு தடவை பூட்டித் திறக்க வைத்தேன். கடைசித் தடவை சாவியை உள்ளேயே வைத்துவிட்டுப் பூட்டினாள். திட்டிவிட்டேன். அழுதாள். அப்புறம் நானும்.

ஜூன் 1, ஞாயிறு
பை 340 ரூபாய். உள் ஜிப்பில் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். என்ன என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.
கேட்கவில்லை.

ஜூன் 2
5.40. டப்பாவில் நாலு இட்லி. மூன்று போதும் என்கிறாள் தூக்கத்திலேயே. சாவி கழுத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், இருக்கிறது. மில்லுக்குள் போன் விடமாட்டார்கள், இரண்டு மணிக்குத்தான் கையில் கிடைக்கும். வேன் ஹார்ன்...