ஞாயிற்றுக்கிழமையையும் கணக்கில் சேர்த்த அட்டவணை

இன்று வகுப்பில் மாணவர்கள் தங்கள் கட்டுமானத் திட்ட முன்மொழிவுகளை முன்வைத்தார்கள். ஒரு குழு எடுத்துக்கொண்டது, சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரையுள்ள நடைபாதை. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த திட்டத்தில், நிலையத்திலிருந்து 400 மீட்டருக்குள் இப்படிக் கூரை போட்டார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வரைபடம் அருமை. அட்டவணையில் 70 நாள் வேலை, சரியாக 10 வாரம்.

"ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்குமா தம்பி?"

"நடந்தா சீக்கிரம் முடிஞ்சிடும் சார்."

சரி, பக்கத்தில் வீடுகள் எவ்வளவு தூரம் என்று அளக்கச் சொன்னேன். 30 மீட்டர்கூட இல்லை. வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்தில் சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணிவரை வேலை செய்யக்கூடாது. 2011 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. பொது விடுமுறைக்கும் அப்படியே. 10 வாரம் 12 வாரமானது. அப்புறம் கிரேன் வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், தடுப்பு வேலி எல்லாம் கூடின. பென்சிலை வைத்துவிட்டு அந்தத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆனால் அந்தக் குழுவில் ஒரு பெண், மழை நாளில் அந்த வழியில் நடந்து பார்த்திருக்கிறாள். ஈரச்சந்தைப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு பாட்டி சாலையைக் கடந்ததைச் சொல்லித்தான் தொடங்கினாள். செலவுக் கணக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

திருத்திய அட்டவணையோடு வியாழக்கிழமை மறுபடி வருகிறார்கள்.