நேரில் பார்க்காமல் எழுதிய அடங்கல்

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்த புதிதில், மாதம் பிறந்தால் வரப்பில் நடப்பதுதான் எனக்கு முதல் வேலை. எந்தப் புல எண்ணில் நெல், எதில் கரும்பு, எது தரிசு என்று கண்ணால் பார்த்து இரண்டாம் நம்பர் கணக்கில், அதாவது அடங்கலில், எழுத வேண்டும். தலையாரி முன்னால் போவார். பாம்பு இருந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

1980-ல் கர்ணம், மணியம் என்று பரம்பரையாக வந்த பதவிகளை ஒழித்த பிறகு வந்தவர்கள் நாங்கள். ஒழித்தது நல்லதுதான். இல்லாவிட்டால் என் அப்பா கைகட்டி நின்ற வாசலுக்குள் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் பிரித்துப் பார்த்த வேலை ஒருவர் தலையில் விழுந்தது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பிரித்தார்கள். கலெக்டர் ஆபீஸ் மூன்றானது. படிவங்கள் கடைசியில் வந்து சேரும் மேசை மட்டும் அதே பழைய மேசை.

அந்தப் பிரிப்பால் தள்ளிப்போன ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்தது. செப்டம்பரிலேயே ஞாயிறுதோறும் கொரோனா தடுப்பூசி முகாம் தொடங்கிவிட்டது. கல்லூரி சேர்க்கை நேரம் வேறு. முதல் பட்டதாரி, வருமானம், சாதி என்று லாகினில் மனுக்கள் குவிந்தன. பக்கத்து கிராமமும் கூடுதல் பொறுப்பாக என்னிடம்தான். இதில் வேண்டாத வேலை என்று எதைச் சொல்ல? முதல் பட்டதாரிச் சான்று தாமதமானால் ஒரு பிள்ளையின் கட்டணச் சலுகை போகும். அடங்கல் தாமதமானால் யாரும் உடனே கேட்கமாட்டார்கள். அதனால் அதைத்தான் தள்ளினேன். அப்புறம் ஒரு ராத்திரி, போன பசலியின், அதாவது போன வருவாய் ஆண்டின், அடங்கலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசையிலேயே எழுதி முடித்தேன்.

நவம்பரில் பாலாறு கரை புரண்டது. பயிர்ச் சேதக் கணக்கெடுக்கப் போனபோது ஒரு குத்தகைக்காரர் தன் நிலத்தைக் காட்டினார். அறுவடைக்குப் பத்து நாள் இருந்த நெல், முழங்கால் சேற்றில் படுத்துக் கிடந்தது. ஒரு கதிரை உருவி என் கையில் வைத்தார். மணியிலேயே வெள்ளையாக முளை விட்டிருந்தது. அடங்கலைப் புரட்டினேன். அந்தப் புல எண்ணுக்கு எதிரே, என் கையெழுத்திலேயே, 'தரிசு'.

அங்கேயே திருத்தியிருந்தால் வெள்ளத்துக்குப் பிறகு திருத்தியது என்று தணிக்கையில் நிற்கும். விளக்கம் எழுதி மேலே அனுப்பினேன். நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை.

போன வருஷம் கூட்டுறவுச் சங்கக் கடனுக்காக அடங்கல் வாங்க வந்தார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்த வாட்டியாவது நேர்ல வந்து பாத்து எழுது சார்" என்றார், அவ்வளவுதான். சரி என்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். ஏரிக்கரை தாண்டவில்லை, போன் அடித்தது. தாலுகா ஆபீஸ். ஏதோ முகாமுக்குப் பயனாளிகள் பட்டியல் வேண்டுமாம், மூன்று மணிக்குள்.