தண்ணீர்விட்டான் நெய்: இரண்டாவது முறைதான் பதம் வந்தது

ஐம்பது நாளைக்கு ஒருமுறை மாதவிலக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில் ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் போனேன். எடுத்த எடுப்பில் அவர் மருந்து எழுதவில்லை. ஸ்கேன், தைராய்டு ரிப்போர்ட் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். மருந்தில் சேரும் அதிமதுரம் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் அதையும் பார்த்தார். ஏற்கெனவே சாப்பிடும் தைராய்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அப்புறம்தான் தண்ணீர்விட்டான் (சதாவரி) கிழங்குச் சாற்றில் காய்ச்சும் மருந்து நெய்யைச் சொன்னார். கடையிலும் வாங்கலாம், வீட்டில் காய்ச்சுவதானால் முறை சொல்கிறேன் என்றார்.

அரைத்த மூலிகை விழுது ஒரு பங்கு, நெய் நான்கு பங்கு, திரவம் பதினாறு பங்கு. அரைக் கிலோ நெய்க்கு 125 கிராம் விழுது. கிழங்குச் சாறும் பாலுமாக 2 லிட்டர். கிழங்குதான் வேலை வாங்கும். தோலை உரித்து, நடுவில் ஓடும் நாரை உருவி, இடித்துப் பிழிய வேண்டும். கையெல்லாம் வழவழவென்று ஆகிவிடும்.

முதல் தடவை ஒரே மாலையில் முடிக்க நினைத்துத் தீயைக் கூட்டினேன். விழுது அடிப்பிடித்து, நெய் முழுக்கக் கருகல் வாடை. அத்தனையும் கொட்ட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் மனசே ஆறவில்லை.

அடுத்த முறை மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு நாள் சாறோடு சிறு தீயில் காய்ச்சி இறக்கினேன். பாலைக் கடைசி நாளில்தான் ஊற்றினேன். அன்று அடுப்பை விட்டு நகரவில்லை. கொதியின் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது, நுரையும் அமர்ந்தது. கரண்டியில் கொஞ்சம் விழுதை எடுத்து ஆறவிட்டு விரலிடையே உருட்டினேன். ஒட்டாமல் திரியாகத் திரண்டது. அதைத் தீயில் காட்டினேன். படபடவென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த நெய் சீக்கிரம் கெட்டுவிடும். சத்தமே இல்லை. உடனே இறக்கிச் சூட்டோடு வடிகட்டினேன்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீஸ்பூன், வெதுவெதுப்பான பாலோடு. முதல் வாரம் குமட்டலும் வயிற்று உப்புசமும் படுத்தின. மருத்துவர் அளவைப் பாதியாக்கினார், நன்றாகப் பசித்த பிறகே சாப்பிடச் சொன்னார். அது சரிப்பட்டது. நாள் தள்ளினால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் அடுத்த ஸ்பூன் என்பதும் அவர் சொன்னதுதான்.

நாலு மாதத்தில் சுழற்சி 35 நாளுக்கு வந்திருக்கிறது. மாத்திரையும் கூடவே ஓடுவதால் நெய் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஸ்கேன் எடுத்துக் காட்டிய பிறகே புதிதாகக் காய்ச்சுவதா என்று முடிவு செய்யப்போகிறோம்.